அமாவாசை வாசகர்கள்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில், ஒரு கிராமத்து முனையில், பெரிய எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவரைக் கரைத்துக் குடித்தவர்கள் நாலு கேள்வி கேட்டு என்னை மடக்கிவிடுவார்கள். நான் அவரைப் படித்தது பள்ளிக்கூடத்தில் ஒரு கதை, கல்லூரியில் ஒரு கதை, அவ்வளவுதான். ஆனால் விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு அவருடைய தீவிர வாசகி என்று பெயர். எப்போதோ ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "அவர் எழுத்து மாதிரி வருமா" என்று சொல்லி வைத்தேன். எல்லோரும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மரியாதையை விட மனசில்லாமல் பல வருடம் ஓட்டிவிட்டேன்.

பொய்க்குக் கூலி ஒருநாள் வந்தே தீரும். போன வருடம் எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பை நீட்டினார். அந்த வீடு எங்கள் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. பார்க்க ஆளே வருவதில்லை, பூட்டிவிட்டு அங்கிருக்கும் பொருள்களை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்து ஓர் அறையில் வைத்துவிடலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம்.

"நீங்கதான் அவரோட வாசகியாச்சே. நேர்ல போய்ப் பாத்துட்டு ஒரு அறிக்கை குடுங்க. நீங்க எழுதறதை வெச்சுதான் முடிவு" என்றார்.

சாயங்காலம் திண்டிவனத்தில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் கோப்பைப் பிரித்தேன். உள்ளே பார்வையாளர் பதிவேட்டின் நகல் இருந்தது. மாதம் முழுக்க ஒருநாளைக்கு மூன்று பேர், நாலு பேர், சில நாள் ஈ காக்காய் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. தேதிகளை வைத்துக்கொண்டு செல்போனில் பஞ்சாங்கம் பார்த்தேன். எல்லாமே அமாவாசை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் அமாவாசையில் பிறந்தவராக இருக்கவேண்டும், அல்லது ஏதோ ஒரு கதையில் அமாவாசை முக்கியமாக வந்திருக்கவேண்டும். நாடு முழுக்க இருந்து வாசகர்கள் மாதம் தவறாமல் ரகசியமாகக் கூடுகிறார்கள், இலக்கியம் பேசுகிறார்கள். இது தெரியாமல் பூட்டப் போகிறார்களே பாவிகள்! வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"அமாவாசைன்னா அந்த ரோட்டுல மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம்தானே போகும்" என்றார் அவர்.

"உங்களுக்கு இலக்கியம்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த அமாவாசையன்று மத்தியானம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்ஸுக்காக நின்றேன். வெயில் தாங்காமல் ஒரு எலுமிச்சை ஜூஸ், பிறகு பஸ் வரவில்லையே என்று ஒரு டீ, பிறகு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலும் காலி. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் மேலே போக முடியாது. பஸ் முக்கால் மணி நேரம் மஞ்சள் புடவைகளுக்கு நடுவே என்னை நசுக்கி எடுத்து அந்த ஊரில் இறக்கியபோது, நான் வாசகியாகவும் இல்லை, அலுவலகக் கண்காணிப்பாளராகவும் இல்லை. அவசரமாக ஓர் இடம் தேடும் பொம்பளையாக இருந்தேன்.

இறங்கிப் பார்த்தால் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. வாசல் கேட்டிலிருந்து பெண்கள் வரிசை ஒன்று வீட்டுக்குள் நுழைந்து போகிறது. அத்தனை பேர்! அந்த அவசரத்திலும் எனக்குக் கண் கலங்கியது. வரிசையின் கடைசியில் சிவப்பு ரவிக்கை போட்ட ஒரு பெண் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவரோட எந்தக் கதையைப் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கதையா? நாங்க மேல்மலையனூர் போய்க்கினு இருக்கோம்கா. பாத்ரூம் போவத்தான் நிக்கிறோம். பெட்ரோல் பங்க்ல எல்லாம் காலு வைக்க முடியாது, நாறுது. இங்கதான் சுத்தமா இருக்கும், தண்ணியும் வரும். நீயும் அதுக்குத்தான வந்த? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

என் வாசகர் மாநாடு கண்ணெதிரே கழிப்பறை வரிசையாகிவிட்டது. ஏமாற்றத்தில் கோபம் வந்தது. ஆனால் அந்த நிலைமையில் கோபத்தை ரொம்ப நேரம் வைத்திருக்க முடியவில்லை.

கேட்டருகே மேசை போட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தச் சம்பளத்தில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான் என்று கோப்பிலேயே படித்திருந்தேன். "கையெழுத்து போட்டுட்டுப் போங்க. போடாதவங்களுக்கு பாத்ரூமுக்கு வழி கெடையாது" என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னால் எல்லோருக்கும் முன்னால் விட்டுவிடுவார். ஆனால் இருநூறு பெண்கள் பார்க்க, 'ஆய்வுக்கு வந்த அதிகாரி' என்று முதலில் கழிப்பறைக்குள் நுழைவதா? மானம் பெரிதா, அவசரம் பெரிதா என்று யோசித்து, இது ஒரு ரகசிய ஆய்வு என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு சிவப்பு ரவிக்கைக்குப் பின்னால் நின்றேன்.

வரிசை வாசல் வழியாக உள்ளே போய், மூன்று அறைகளைச் சுற்றி, அடுப்படிக் கதவு வழியாகப் பின்பக்கம் போகிறது. நேராகக் கொல்லைப்பக்கம் போகச் சந்து இருந்தும், இப்படித் திருப்பிவிட்டிருந்தார் அந்தப் பெண். ஆக, நினைவு இல்லத்தைப் பார்க்காமல் யாரும் கழிப்பறைக்குப் போக முடியாது. முதல் அறையில் எழுத்தாளர் உட்கார்ந்த சாய்வு நாற்காலி, மூக்குக்கண்ணாடி, பொடி டப்பி, குடை. எல்லாவற்றுக்கும் துறை ஒட்டிய சீட்டுகள். மேலே அவருடைய படம், யாரோ காசு கேட்டு வந்துவிட்டது போன்ற முகத்தோடு.

"இவருதான் வூட்டுக்காரரா? சிரிக்கவே மாட்டாரு போல" என்றாள் சிவப்பு ரவிக்கை.

அடுப்படியில் வரிசை தேங்கி நின்றது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் திரும்ப முடியாத அறை. அங்கே ஒரு சீட்டுகூட இல்லை. கரி படிந்த சுவரையும், ஒற்றை அடுப்பையும், கைக்கெட்டாத உயரத்தில் இருந்த ஜன்னலையும் பெண்கள் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். "அந்த ஆளு காத்தோட்டமா அங்க குந்திக்கினு எழுதிக்கினு இருந்தா, அந்தம்மா இதுக்குள்ள புகையில வெந்துக்கினு இருந்திருக்கு" என்றார் ஒருத்தர். அவருடைய எழுத்தைப் பற்றி நான் கேட்ட முதல் நேர்மையான விமர்சனம் இதுதான் என்று தோன்றியது.

அடுப்படியைத் தாண்டி வெளியே வந்ததும் நீளமான மதில். அதன்மேல் கொடிக் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பால் பெரிய தாள்கள் மாட்டியிருந்தன. பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம். அதில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. காற்றடித்தால் தாள் புரண்டு மறுபக்கத்து லட்சுமி தெரிந்தாள். யாராவது ஒருத்தர் லட்சுமியைத் திருப்பிவிட்டுப் படித்தார்கள்.

அது எழுத்தாளருடைய ஒரு கதை. வரிசை நகர நகர ஒவ்வொரு தாளாகப் படித்துக்கொண்டே போகலாம். கதை இதுதான். ஒரு மருமகள். புருஷன் குடும்பத்தோடு சண்டை. துணிமணி, நகை எதையும் எடுக்காமல், கிணற்று ராட்டினத்துக் கயிற்றை மட்டும் உருவிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். அந்த வீட்டில் யாரும் ஒரு குடம் தண்ணீர் இறைக்க முடியாது. புருஷன்காரன் ஒவ்வொரு வீடாகப் போய்க் கயிறு இரவல் கேட்கிறான். தெருப் பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல், எங்கள் கயிறு அறுந்துவிட்டது என்கிறார்கள்.

"குடுக்கக் கூடாது! ஒருத்தியும் குடுக்கக் கூடாது!" என்று முன்னால் ஒரு கிழவி கத்தினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துப் பெண் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு ரவிக்கை உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மல்லாட்டைப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. "நீ முன்னாடி போக்கா, நான் இன்னும் இந்தத் தாளை முடிக்கல" என்றாள்.

எனக்கு இருந்த அவசரத்துக்கு அவள் காலில் விழுந்திருக்கவேண்டும். ஆனால் நானும் அதே தாளில்தான் இருந்தேன். நாக்கு வறண்டு அவன் நாலாவது வீட்டுப் படியேறுகிறான். "பரவால்ல, நீங்க முடிங்க" என்றேன். எங்கள் பின்னாலிருந்து நாலு பேர் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. என் வாழ்க்கையில் இலக்கியத்துக்காக நான் செய்த ஒரே தியாகம் இது.

கடைசித் தாளில் அவன் அவளுடைய அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், கதவு திறக்கிறது. கீழே, "மீதி அடுத்த அமாவாசை" என்று போட்டிருந்தது. சிவப்பு ரவிக்கை சத்தமாகத் திட்டினாள். நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே கழிப்பறைக்கு ஓடினேன். சொல்லவேண்டும், எங்கள் துறை கட்டியதிலேயே மிகச் சிறந்த கட்டடம் அது. பளிச்சென்று இருந்தது.

கூட்டம் குறைந்த பிறகு கேட்டருகே இருந்த அந்தப் பெண்ணிடம் போய் நான் யார் என்று சொன்னேன். பதிவேட்டைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து நின்றார்.

"பொய்க் கையெழுத்து ஒன்னுகூட இல்ல மேடம். எல்லாம் நெசமா வந்தவங்கதான்."

"பார்த்தேன். நானும் ஒரு கையெழுத்து போட்டிருக்கேன்" என்றேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். முன்பெல்லாம் கழிப்பறைக்கு வருகிறவர்களைத் துரத்திவிடுவாராம். ஒரு அமாவாசையன்று நிறைமாதக்காரி ஒருத்தி கேட்டில் நின்று கெஞ்சவும் மனசு கேட்கவில்லையாம். "அப்புறம் எல்லாரையும் வுட்டேன். சும்மா நின்னு போனை நோண்டிக்கினு இருந்தாங்க. புஸ்தகமெல்லாம் பீரோவுல பூச்சி அரிச்சிக்கினு கெடக்குது. சரி, படிக்கட்டுமேன்னு எழுதி மாட்டினேன். முழுசா மாட்டினா அடுத்த மாசம் வரமாட்டாங்க, அதான் பாதியில நிறுத்தறது." எழுத்தாளருடைய எல்லாப் புத்தகங்களையும் வரிசையாக நாலு தடவை படித்திருக்கிறார். இங்கே வேறென்ன வேலை என்று கேட்டார். நான் இரண்டு கதைக்காரி, தலையைக் குனிந்துகொண்டேன்.

"பூட்டிட்டா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன மேடம், மல்லாட்டை உடைக்கிற மில்லுக்குப் போயிடுவேன். இவரைத்தான் நெனைச்சா பேஜாரா இருக்குது. அங்க கொண்டுபோயி ஒரு ரூம்ல அடைச்சிட்டா யாரு போய்ப் படிப்பாங்க?" கண் கலங்கியதை மறைக்க மேசையைத் துடைத்தார்.

மறுநாள் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். மூன்று பக்கம். உண்மையை மட்டுமே எழுதினேன், அதுவும் அழகாக எழுதினேன். வரிசையில் தன் முறையை விட்டுக்கொடுத்துப் படித்த பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி. அதிகாரியின் கண் கலங்கும் என்று நம்பினேன். என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

அவர் மூன்று பக்கத்திலும் ஒரே ஒரு வார்த்தையைத்தான் பார்த்தார். "கழிப்பறையா? ஒரு எழுத்தாளர் வீட்டுல கழிப்பறைக்கா கூட்டம் வருது?"

"ஆமாம் சார், ஆனா வந்தவங்க படிக்கிறாங்க சார்."

"படிக்கிறவங்கன்னா கழிப்பறை இல்லாட்டியும் வருவாங்கல்ல?" என்றார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. இல்லத்தின் மாண்பைக் கருதி, கழிப்பறையைப் பொதுமக்களுக்குப் பூட்டிவிட வேண்டும். அடுத்த அமாவாசையன்று யார் வருகிறார்கள் என்று பார்த்து, வாசகர் என்று சொல்ல ஆளில்லையென்றால் வீட்டையும் பூட்டிவிடலாம். பார்த்து எழுத வேண்டியது மறுபடியும் நான்தான். பொய்யாய் நாலு வரி எழுதித் தப்பித்திருக்கலாம். பல வருடமாக அதுதானே என் பழக்கம். போயும் போயும் அன்றைக்குப் பார்த்தா உண்மை பேசித் தொலைத்தேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த அமாவாசையன்று போய் இறங்கியபோது அந்தப் பெண் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கழிப்பறைக்குப் புதுப் பூட்டு. வழியை மறித்துக் கயிறு கட்டச் சொல்லியிருந்தார்கள் என்று, கதை மாட்டுகிற கொடிக் கயிற்றை அவிழ்த்துக் குறுக்கே கட்டியிருந்தார். மதில் வெறிச்சென்று இருந்தது.

"மீதிக் கதையை எழுதலையா?" என்றேன்.

"எழுதினேன். யாருக்கு மாட்டறது?" என்றார்.

முதல் வேன் வந்தது. பூட்டைப் பார்த்தார்கள், எங்கள் இருவரையும், எங்கள் பரம்பரையையும் கலந்து திட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவது, மூன்றாவது வேனும் அப்படியே. நாலாவது வேனுக்குள் செய்தி முன்கூட்டியே போய்விட்டது போலிருக்கிறது, நிற்கவே இல்லை. மூன்று மணியிலிருந்து நாலரை வரை பதிவேட்டில் ஒரு கையெழுத்தில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் மணி என்ன என்றுதான் கேட்டேன்.

ஐந்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது அந்தச் சிவப்பு ரவிக்கைக்காரிதான், இந்தத் தடவை பச்சை ரவிக்கை. பின்னாலேயே அந்தக் கிழவி, இன்னும் சிலர். கேட்டருகே இருந்த பெண் எழுந்து அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: "பாத்ரூம் பூட்டியாச்சு. உத்தரவு. எங்கிட்ட சாவி இல்ல, திட்டாதீங்க."

"தெரியும்க்கா, முன்னாடி வந்த வேன்காரன் போன்ல சொன்னான். அதான் திண்டிவனம் பங்க்லயே முடிச்சிக்கினு வந்துட்டோம். மூக்கைப் புடிச்சிக்கினுதான் போனோம்" என்றாள் பச்சை ரவிக்கை. "கதை எங்க? மதில்ல ஒன்னியும் காணமே?"

அந்தப் பெண் வெறும் மதிலையும் குறுக்கே கட்டியிருந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா முழிக்கிற? அவன் வாசல்ல வந்து நிக்கிறான், கதவு தெறக்குது. ஒரு மாசமா எங்க வூட்ல எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் இதே சண்டை, கயிறு குடுப்பாளா மாட்டாளான்னு. ஜல்தியா எடுத்தா, டிரைவர் கத்துவான்."

எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். மறுநாள் அறிக்கையில் அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'வாசகர்கள்' என்று எழுதி, கூடவே எதுவும் எழுதாமல் அனுப்பினேன். வீட்டை இன்றைக்கு வரை பூட்டவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைப் பாதியில் நிறுத்துகிற துணிச்சல் எனக்குக் கிடையாது.

அந்தப் பெண் உள்ளே ஓடித் தாள்களை அள்ளிக்கொண்டு வந்தார். மாட்டக் கொடிக் கயிறு இல்லை, அவிழ்த்துக் கட்ட நேரமும் இல்லை. டிரைவர் அதற்குள் ஹாரனில் கை வைத்துவிட்டான். "குடுங்க, நான் புடிக்கிறேன்" என்று முதல் தாளை வாங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொரு பேரும் எதிரே நெருங்கி நின்றார்கள். எழுத்து அவர்கள் பக்கம். எனக்குத் தெரிந்தது பழைய ஆவணி மாதமும் ஒரு முருகனும்தான். ஆக அங்கே எழுத்தே கண்ணில் படாத ஒரே ஆள் நான்.

படிக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்து சத்தமாகப் படித்தார்கள். ஒருத்தி முன்னால் ஓட, ஒருத்தி எழுத்துக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். கிழவி இடையிடையே அவனைத் திட்டினாள். கதவைத் திறந்தவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. கிணறு அங்கே இருக்கிறது, கயிறு இங்கே இருக்கிறது, வேண்டியதை நீயே இறைத்துக் குடி என்கிறாள். அவன் இறைக்கிறான். தனக்கு இறைக்கிறான், அவளுக்கு இறைக்கிறான், மாமனார் வீட்டுக்கு இறைக்கிறான், சாயங்காலம் வரைக்கும் தெருவுக்கே இறைக்கிறான். ஒவ்வொரு தாளாக என் கையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்ததைக் கொடுத்துக்கொண்டே வந்தார் அந்தப் பெண். ஹாரன் அடிப்பது நின்றிருந்தது. டிரைவரும் இறங்கி வந்துவிட்டான் என்பது அவன் சிரித்தபோதுதான் தெரிந்தது.

கடைசித் தாளில், விடிந்ததும் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அவள் கயிற்றைச் சுருட்டி அவன் தோளில் போடுகிறாள். கொப்புளம் கட்டின கையால் அதைப் பிடித்துக்கொண்டு அவன் அவளுக்குப் பின்னால் நடக்கிறான். இதைப் படிக்கும்போது பச்சை ரவிக்கையின் குரல் மட்டும்தான் கேட்டது. மற்றவர்கள் படிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காலண்டர் முருகனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"யக்கா, கையை ஆட்டாம புடி" என்றாள் அவள். "எழுத்து ஆடுது, இன்னும் ரெண்டு வரி இருக்குது."

முடிந்தவரை ஆட்டாமல் பிடித்தேன்.